சிப்பி சொல்லும் பாடம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பது 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. முத்துச் சலாபம் பழங்கதையாகிவிட்டது. ஆனால், முத்து மட்டும் திரும்பி வந்தது! 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் அதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிப்பிக்குள் மணியை மட்டும் வைத்தால் முத்து விளையாது. இன்னொரு சிப்பியில், ஓட்டை ஒட்டியிருக்கும் சதையிலிருந்து ஒரு சிறு துண்டு நறுக்கி, மணியோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்தத் துண்டுதான் வளர்ந்து மணிக்குப் பளபளப்பைப் பூசுகிறது. மணி அளவுக்கு மீறிப் பெரிதானாலோ, சிப்பி அதை வெளியே தள்ளிவிடும், செத்தும் போகலாம்.

குடும்பத் தலைவருக்கும் கடை முதலாளிக்கும் இதைவிட நல்ல உபதேசம் வேண்டுமா? கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்களா? பேரேடு எழுதிய பழைய கணக்குப்பிள்ளையை அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள். யாருக்கு எத்தனை நாள் கடன் தரலாம் என்பது அவருக்குத்தானே தெரியும்! அடுக்களையை மாற்றப் போகிற மருமகளே, மாமியாரின் அஞ்சறைப் பெட்டிக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்.

அப்புறம் கொஞ்சம் பொறுமை. சிப்பிக்கே மாதக்கணக்கில் ஆகிறது, மனிதருக்கு ஆகாதா?