டெய்லரா? டைலரா?

ஹாக்கி என்றதும் நம்மவர்களுக்குத் தியான் சந்தின் ஞாபகம் வரும்; பச்சைப் புல்தரை கண்முன் நிற்கும். கனடா தேசத்தாருக்கு அப்படியல்ல. அவர்களுக்கு ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரை, அடியில் கத்தி பொருத்திய ஜோடு, பக்கத்துக்கு அறுவர், பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வட்டு. அந்த ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடும் கனடா, அமெரிக்கக் கோஷ்டிகள் சேர்ந்த சங்கத்துக்கு ‘நேஷனல் ஹாக்கி லீக்’ என்று பெயர்.

அந்தச் சங்கத்தில் ஆண்டுதோறும் ஒரு வைபவம் உண்டு. பதினெட்டு வயதை எட்டிய வாலிபர்களைக் கோஷ்டிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. நம் ஊர்ப் பெண் பார்க்கும் சடங்கை வாசகர்கள் நினைத்துக்கொள்ளலாம். இங்கே பிள்ளையைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எந்த வீட்டுக்குப் போகச் சம்மதம் என்று பிள்ளையை யாரும் கேட்பதில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. பந்தயங்களில் பின்தங்கிய கோஷ்டிகளுக்கே முதல் உரிமை; அவற்றுக்குள் சீட்டுக் குலுக்குவார்கள்; கடைசியில் நின்ற கோஷ்டிக்கே அதிக வாய்ப்பு. மெலிந்தவனுக்கு முதல் கவளம் என்பது தர்மந்தான். அந்தக் கவளம் அவனைத் தேற்றுகிறதா என்பதே கேள்வி.

2010-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்வோம். கடைசி ஸ்தானத்தில் நின்ற எட்மண்டன் கோஷ்டிக்கு முதல் உரிமை கிடைத்தது. இரண்டாவது உரிமை பாஸ்டனிடம் இருந்தது. பாஸ்டன் நொடித்த கோஷ்டியன்று. முந்தின ஆண்டு தன் ஆட்டக்காரர் ஒருவரை டொரோண்டோவுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அந்த உரிமையை வாங்கி வைத்திருந்தது.

பந்தியில் முதலில் நின்றவர்கள் இருவர்: டெய்லர் ஹால், டைலர் ஸெகின். பெயரே குழப்பும். வயது இருவருக்கும் 18. இருவரும் முன்வரிசை ஆட்டக்காரர்கள். கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவியதற்கு ஒன்று என்று கணக்கிட்டால், ஒண்டாரியோ வாலிபர் லீக்கில் அவ்வாண்டு இருவருக்கும் சரியாக 106 புள்ளிகள். ஹால் 57 ஆட்டங்களில் 40 கோல் போட்டார். ஸெகின் 63 ஆட்டங்களில் 48. ஹால் இடது ஓரத்தில் காற்றாய்ப் பறப்பவர். அவருடைய விண்ட்ஸர் கோஷ்டி 2009, 2010 இரு ஆண்டுகளிலும் மெமோரியல் கோப்பையை வென்றது. இருமுறையும் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. ஸெகின் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துபவர். ஒண்டாரியோ லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. சங்கத்தின் தேர்வாளர்களும் வட அமெரிக்கப் பட்டியலில் அவரையே முதலில் வைத்தார்கள்.

மாதக்கணக்கில் வாதம் நடந்தது. ஜூன் 25-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எட்மண்டன் ஹாலை எடுத்தது. பாஸ்டன் ஸெகினை எடுத்தது.

பிறகு என்ன? பாஸ்டனில் மூத்தவர்கள் நிறைந்திருந்தார்கள். 2011-ல் கோப்பைக்கான முதல் இரண்டு சுற்றுகளிலும் ஸெகினை வெளியே உட்கார்த்தி வைத்தார்கள். மூன்றாம் சுற்றில் இறக்கினார்கள். ஓர் ஆட்டத்தில் நான்கு புள்ளிகள் குவித்தார். அவ்வாண்டே பாஸ்டன் ஸ்டான்லி கோப்பையை வென்றது. எட்மண்டன் மறுபடியும் கடைசியில் நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் முதல் உரிமை அதற்கே. இரண்டு முறையும் முன்வரிசை வாலிபர்களையே எடுத்தது. ஹால் அங்கிருந்த ஆறு பருவங்களில் பயிற்சியாளர்கள் ஐந்து பேருக்குக் குறையாமல் மாறினார்கள்; கோப்பைச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை.

ஆகவே பாஸ்டன்தான் புத்திசாலி என்று முடித்துவிடலாமா? 2013-ல் பாஸ்டன் ஸெகினை டல்லஸுக்குக் கொடுத்துவிட்டது. 2016-ல் எட்மண்டன் ஹாலை நியூஜெர்ஸிக்குக் கொடுத்தது. 2017-18 பருவத்தில் ஸெகின் 40 கோல், ஹால் 39. லீக் முழுவதிலும் சிறந்தவருக்குரிய ஹார்ட் விருது ஹாலுக்கு. எட்டு வருஷம் கழித்தும் தராசு ஏறக்குறையச் சமமாகவே நின்றது. பொறுக்கியவர்களிடம் இருவரில் ஒருவரும் இல்லை.

நாம் பள்ளிக்கூடத்து வாத்தியார். இந்தத் தராசு நம் கைக்கும் வந்ததுண்டு. சமமான மார்க்கு வாங்கிய இரு பையன்களில் ஒருவனை உபகாரச் சம்பளத்துக்குச் சிபார்சு செய்யச் சொன்னார்கள். மூன்று இரவு தூக்கமில்லாமல் யோசித்து ஒரு பெயரை எழுதினோம். அதற்குப் பின் அவன் எங்கே தங்கினான், என்ன சாப்பிட்டான் என்று ஒரு நாளாவது விசாரித்தோமா? இல்லை. இரண்டாம் வருஷமே அவன் படிப்பை விட்டுவிட்டான் என்ற செய்தி வேறொருவர் வாயிலாகத்தான் நமக்கு எட்டியது. அவனைத் தேர்ந்ததில் தவறில்லை என்றே இன்றும் எண்ணுகிறோம். தவறு மறுநாள் தொடங்கியது.

நிற்க. அதே 2010-ல் 177 பேரை எடுத்தான பிறகு, 178-வது பெயராக மார்க் ஸ்டோன் என்ற முன்வரிசை வாலிபரை ஒட்டாவா கோஷ்டி எடுத்தது. அவரைப் பற்றி யாரும் மாதக்கணக்கில் வாதம் செய்யவில்லை. 2023-ல் லாஸ் வேகாஸ் கோஷ்டியின் தலைவராக, கடைசிப் போட்டியில் மூன்று கோல் போட்டு ஸ்டான்லி கோப்பையைக் கையில் ஏந்தினார்.

விதை பொறுக்குவதில் கெட்டிக்காரத்தனம் வேண்டியதுதான். ஆனால் விதையைப் பொறுக்க ஒரு நாள் போதும். தண்ணீர் தினமும் விடவேண்டும்.