ஓசை அடங்கிய பெட்டி

பிள்ளைகளின் படிப்பிற்காகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கப்படும் கணிப்பொறியைப் பற்றி இம்மாதம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பிராஸஸர், மெமரி முதலியவற்றைப் பற்றிப் பிள்ளைகள் நம்மைவிட நன்கு அறிவர். ஆனால் அவற்றையெல்லாம் தாங்கும் கேபினெட் என்னும் பெட்டியையும், அவற்றிற்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் உறுப்பையும் கடைசியில் மிஞ்சிய பணத்தில் வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. அவ்வழக்கத்தால் என் இல்லத்தில் நேர்ந்ததை முதலில் கூறி விடுகிறேன்.

என் தமக்கையின் மகன் மைசூரில் எங்களுடன் தங்கிப் பொறியியல் படிக்கிறான். எங்கள் வீடு ஒரு கூடமும், ஓர் அறையும், சமையற்கட்டும் கொண்டது. கூடத்தின் ஒரு மூலையில் அவனுடைய மேஜை. மறு மூலையில் என் தாயாரின் படுக்கை. சென்ற ஆண்டு, எஸ்.எம்.பி.எஸ். உள்ளடங்கிய, முகப்பில் கண்ணாடியும் வர்ண விளக்குகளும் கொண்ட மலிவான பெட்டி ஒன்றை வாங்கினோம். இரவில் அதை இயக்கினால் மாவு மில் வாசலில் நிற்பது போலிருக்கும். தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சில நாட்கள் சென்றபின், இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் நான் வீடு திரும்பியபோது, அவர் சமையற்கட்டில் அடுப்பருகே பாய் விரித்து உறங்கக் கண்டேன். இதையறிந்த பையன் அன்று முதல் ஒன்பது மணிக்கே இயந்திரத்தை நிறுத்தி விட்டான். அவன் பாடங்கள் பின்தங்கலாயின. பாட்டியின் உறக்கமா, பேரனின் படிப்பா என்னும் நிலை வந்த பிறகே நான் இவ்விஷயத்தை ஆராயத் தொடங்கினேன்.

உறங்கும் அறையில் இடைவிடாத ஓசை 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999-இல் அறிவுறுத்தியது. பத்து டெசிபல் கூடினால் நம் செவிக்கு ஓசை ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். கணிப்பொறியின் ஓசைக்கு மூலகாரணம் வெப்பமே. வெப்பத்தை வெளியேற்ற விசிறி சுழல்கிறது. விசிறி விரைந்து சுழன்றால் இரைச்சல் பிறக்கிறது. அதன் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும். ஆகவே வெப்பம் குறைவாய்ப் பிறக்கவும், பிறந்த வெப்பம் எளிதில் வெளியேறவும் வழி செய்ய வேண்டும்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். ஒரே வேகத்தில் சுழலும்போது, 120 மில்லிமீட்டர் விசிறி 80 மில்லிமீட்டர் விசிறியைப் போல மூன்று மடங்கிற்கும் மேலாகக் காற்றைத் தள்ளும். எனவே சிறு விசிறிகள் பலவற்றினும், மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிகள் இரண்டு மூன்று இருத்தல் நலம். முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடிய பெட்டி பார்வைக்கு அழகு. ஆனால் காற்று புக வழியின்றி விசிறிகள் திணறிக் கூச்சலிடும். முகப்பில் வலைத்தகடும், பக்கங்களில் கனத்த தகடும் உள்ளதே நமக்கு ஏற்றது. கழற்றிக் கழுவக்கூடிய தூசுவடிகட்டி இன்றியமையாதது. அதை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். பெட்டியை மர மேஜைமீது வைத்தால், வீணையின் குடம்போல் மேஜையும் சேர்ந்து ஒலிக்கும். அடியில் ரப்பர் விரிப்பு இடுதல் எளிய பரிகாரம்.

இனி எஸ்.எம்.பி.எஸ். சிவசமுத்திரத்து அருவியிலிருந்து 1902-இல் கோலார் தங்க வயலுக்கு, சுமார் 92 மைல் தொலைவு, மின்சாரம் சென்றது. அவ்வயலில் உழைத்தவர்களுள் நம் தமிழ் மக்கள் மிகப் பலர். அத்தனை தூரம் வரும் மின்சாரம் வழியில் வீணாகாதிருக்கப் பொறியாளர்கள் பாடுபடுகின்றனர். வீட்டிற்குள் வந்தபின் கடைசி இரண்டடியில் வீணாவதை நாம் கவனிப்பதில்லை. கணிப்பொறிக்கு 300 வாட் வேண்டுமென்று கொள்வோம். 80 சதவிகிதத் திறனுள்ள எஸ்.எம்.பி.எஸ். அதற்காக 375 வாட் இழுத்து, 75 வாட்டை வெறும் வெப்பமாக்கும். 90 சதவிகிதத் திறனுள்ளது 333 வாட் மட்டும் இழுக்கும். வீணாவது 33 வாட். வெப்பம் குறைந்தால் அதன் விசிறிக்கு வேலையும் குறையும். '80 பிளஸ்' முத்திரையில் 'கோல்டு' என்றிருப்பது இவ்வுயர்ந்த திறனைக் குறிக்கும்.

பெட்டிமேல் அச்சிட்ட வாட் கணக்கை மட்டும் நம்பலாகாது. 12 வோல்ட் என்னும் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது 45 ஆம்பியரை ஒட்டியிருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 540 வாட் வரும். பெருக்குத் தொகை மிகக் குறைந்தால் அதை வாங்க வேண்டாம். தேவையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு திறனுள்ளதை வாங்கினால் அது பாதிச் சுமையில் அமைதியாக இயங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரோடு இத்தகைய எஸ்.எம்.பி.எஸ். சில சமயம் முனகும்; மின்தடை நேரும்போது அணைந்தும் போகலாம். 'சைன் வேவ்' வகையே தக்கது. அடுத்து, பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீரென்றால் எர்த் இணைப்பு இல்லை என்று பொருள். வாடகை வீடாயினும் உரிமையாளரிடம் சொல்லி, மின்பணியாளரைக் கொண்டு அதைச் சரி செய்துகொள்ள வேண்டும்.

பையனும் நானும் ஒரு ஞாயிறன்று பெங்களூர் எஸ்.பி. ரோடு சென்று, மற்றப் பாகங்களை அப்படியே வைத்துக்கொண்டு இவ்விரண்டை மட்டும் மாற்றினோம். செலவு பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. முதலிலேயே வர்ண விளக்கைப் பாராதிருந்தால் பழைய பெட்டிக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும். இப்பொழுது தாயார் மீண்டும் கூடத்தில் உறங்குகிறார். பையன் பதினொரு மணி வரை படிக்கிறான்.

அன்பர்களே, நம்மில் பலர் சிறு வீடுகளில் மூன்று தலைமுறையினராய் வாழ்கிறோம். பொருள் வாங்கும்போது அதை உபயோகிப்பவனை மட்டுமன்றி, அருகில் உறங்குபவரையும் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். முதியோர் தாமாக வந்து முறையிட மாட்டார்கள். நாமே கவனித்தல் வேண்டும்.