“ஆள் தெரியவில்லை!”

இரவில் சைக்கிளில் சென்ற ஒருவர் லாரி மோதி மாண்டார் என்னும் செய்தி பத்திரிகைகளின் உட்பக்கத்தில் நான்கு வரிகளில் வெளிவருகிறது. அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குக் கண்ணைத் திருப்புவது நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. மாண்டவர் யார்? ஆலையில் வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளியாக இருப்பார். விடியுமுன் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட பால்காரராக இருப்பார். தூக்குச் சட்டியுடன் கிராமத்துக்கு மீண்ட கொத்தனாராக இருப்பார். மோதியவர் சொல்லும் சமாதானமோ பெரும்பாலும் ஒன்றே: “இருட்டில் ஆள் தெரியவில்லை.” இந்தச் சொல் குற்றத்தை நீக்கும் சமாதானமா, அன்றிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துக்களின் தொகையில் 64,105 என்ற கணக்குடன் முதலிடம் பெற்ற மாநிலம் நமது தமிழ்நாடே. இங்கு மாண்டோர் 17,884 பேர். தேசம் முழுவதிலும் இறந்தவர்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். “மொத்தத்தில் இது சிறு பங்குதானே” என்று சொல்வோர் உண்டு. அவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். மற்ற வாகனங்கள் பிறரைக் கொல்லவும் வல்லவை. சைக்கிளோ கொல்லப்படுவதற்கு மட்டுமே உரியதாக நிற்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம் தேசத்தில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. அது தர்மத்துக்கு ஓட்டும் விளையாட்டுச் சாமான் அன்று. ஏழையின் பிழைப்புக்குக் காலாக நிற்பது.

இருட்டிலே நடப்பது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. எதிரே ஆள் இருப்பதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடுகிறது. உலர்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும், நிற்பதற்குள் மேலும் சுமார் 35 மீட்டர் செல்லும். ஆக, 68 மீட்டர். ஆனால் தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில், கறுத்த உடை தரித்த மனிதர் ஐம்பது மீட்டருக்கு அப்பால் தெரிவது அரிது. இதன் பொருள் யாது? ஓட்டுபவர் ஆளைக் கண்ட கணத்திலேயே காலம் கடந்துவிட்டது. அதே கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால் 26 மீட்டரில் நின்றுவிடும், சைக்கிள்காரர் பிழைத்துப்போவார். சுமை ஏற்றிய லாரி நிற்பதற்கோ இன்னும் தூரம் வேண்டும்.

ஆகவே, “தெரியவில்லை” என்பதற்குள் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, சைக்கிளில் விளக்கு இல்லை என்பது. மற்றது, தன் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் மோட்டார் வந்தது என்பது. முதல் உண்மையைக் கோர்ட்டுகளில் உரக்கச் சொல்கிறோம்; நஷ்ட ஈட்டைக் குறைப்பதற்கு அதுவே கருவியாகிறது. இரண்டாவதை மெல்ல விழுங்கிவிடுகிறோம்.

இந்த வாதம் புதியதன்று. இங்கிலாந்தில் 1888-ஆம் வருஷத்துச் சட்டம் சைக்கிளையும் சாலையில் செல்ல உரிமையுள்ள வண்டியாக ஏற்றுக்கொண்டது. அதே பிரிவில், இருட்டில் முன்விளக்கு எரிய வேண்டும் என்றும் விதித்தது. பின்னர் மோட்டார்கள் பெருகவே, பின்னாலும் சிவப்பு விளக்கு வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. அந்நாட்டுச் சைக்கிள் சங்கத்தார் அதைப் பல்லாண்டு எதிர்த்தனர். பின்னால் வருபவன் முன்னால் பார்த்து ஓட்டுவதே அவன் கடமை. அந்தக் கடமையை விளக்கின் பெயரால் எங்கள் தலையில் சுமத்தாதீர்கள் என்பது அவர்கள் கட்சி. 1933-இல் ‘டார்ட் எதிர் சிட்டி’ வழக்கில் நீதிபதிகளும் இதற்கு இசைந்த ஒரு நியாயத்தை உரைத்தார்கள். இருளில் ஒரு பொருள்மீது மோதியவன் ஒன்று சரியாகப் பார்க்கவில்லை, அல்லது பார்க்கக்கூடிய தூரத்துக்கு மிஞ்சிய வேகத்தில் வந்தான். எப்படியும் அவன் தவறினான் என்பது அந்நியாயம். அடுத்த வருஷமே அப்பீல் கோர்ட்டார் இது மாறாத விதி அன்று என்றும், ஒவ்வொரு வழக்கும் அதனதன் சம்பவங்களைப் பொறுத்ததே என்றும் தளர்த்திவிட்டனர். எனினும் அந்த நியாயத்தின் சாரம் சாகவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. ஆகாய விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இங்கிலாந்தில் ஊரெங்கும் விளக்குகளை மறைத்தார்கள். பெட்ரோல் பங்கீட்டினால் மோட்டார்கள் குறைந்திருந்தன. ஆயினும் 1941-இல் அந்நாட்டுச் சாலைகளில் 9,169 பேர் மாண்டனர். அந்நாட்டின் சரித்திரத்திலேயே இதுதான் உச்சத் தொகை. இருட்டு எவ்வளவு கொடிய சத்துரு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பின்விளக்கு யுத்த காலத்தில் கட்டாயமாயிற்று. 1945-இல் தனிச் சட்டமே பிறந்தது. சைக்கிள் சங்கத்தார் நியாயத்தில் வென்றார்கள்; அனுபவத்தில் தோற்றார்கள். இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. உரிமை நம் பக்கம் இருப்பதனால் மட்டும் உயிர் தங்கிவிடாது. விளக்கும் வேண்டும், ஆனால் விளக்கைச் சாக்காக வைத்து வேகத்தை மன்னிக்கவும் கூடாது.

நம் நாட்டில் நடந்ததோ விசித்திரம். முற்காலத்தில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் முச்சந்தியில் போலீஸ்காரர் நிறுத்துவார், சக்கரத்தின் காற்றைப் பிடுங்குவார், அபராதம் விதிப்பார். அந்தக் கெடுபிடிக்குப் பயந்தேனும் மண்ணெண்ணெய் விளக்கும், பிறகு டைனமோவும் வண்டியில் இருந்தன. இன்று கெடுபிடியும் போயிற்று. கூடவே விளக்கும் போயிற்று. கெடுபிடி போனதற்கு நாம் வருந்தவில்லை. ஏழையை மட்டும் நிறுத்தி, விரைந்து செல்லும் மோட்டாரை வழியனுப்பிய நீதி அது. ஆனால் விளக்குப் போனதற்கு வருந்துகிறோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணுக்குச் சைக்கிள் மோட்டார் வாகனமே அன்று; ஆகவே அச்சட்டம் மோட்டார்களுக்கு விதித்த விளக்கு விதிகள் சைக்கிளைத் தொடுவதில்லை.

மத்திய சர்க்கார் 2020-இல் ஓர் ஆணை பிறப்பித்து, சைக்கிள்களில் பொருத்தும் ரிப்ளெக்டர்கள் குறித்த தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றது. அமலுக்கு வரும் நாள் பிறகு தள்ளி வைக்கப்பட்டது. ரிப்ளெக்டர் என்பது தன்மேல் விழுந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் வில்லை. அதற்கு எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எனினும் பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பும் வண்டியின் விளக்கு அதன்மேல் விழாது. ஆகையால் அது விளக்குக்குத் துணையே அன்றிப் பதிலாகாது.

இது சம்பந்தமாக ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவு நம் கவனத்துக்கு உரியது. இரவில் கார் ஓட்டியவர்கள், கறுப்பு உடை தரித்த சைக்கிள்காரர்களை நூற்றுக்கு இரண்டு தடவையே அறிந்துகொண்டார்கள். பளபளக்கும் வர்ணச் சட்டைக்கு நூற்றுக்கு 15. ஒளிதிருப்பும் சட்டைக்கு 50. அச்சட்டையுடன் கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளிதிருப்பும் பட்டைகளைக் கட்டியபோது 90! காரணம் எளிது. பெடலை மிதிக்கும் கால் ஏறி இறங்குகிறது. அந்த அசைவைக் கண்டதும் “மனிதன்” என்று மனம் அறிந்துகொள்கிறது. பளபளக்கும் வர்ணமோ பகலவனின் கதிரை நம்பி ஒளிர்வது. இரவில் அதனால் பயன் சொற்பம்.

பரிகாரம் என்ன? சர்க்காருக்கு முதலில் சொல்கிறோம். 2019-இல் செய்த திருத்தத்தின் வாயிலாக, மோட்டார் அல்லாத வண்டிகளைப் பற்றி விதி வகுக்கும் அதிகாரம் மாநில சர்க்கார்களுக்கு வந்துவிட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், ஆறு மாதத்துக்குள் அவ்விதிகளை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்குகளைப் பற்றியும் கண்டிப்புக் காட்டியது. விதி வகுக்கும்போது ஏழைக்கு அபராதம் விதிப்பதில் தொடங்கவேண்டாம். முன்விளக்கும் பின்விளக்கும் ரிப்ளெக்டரும் இன்றி எந்தச் சைக்கிளும் கடையைவிட்டு வெளியேறலாகாது என்று விற்பவரைக் கட்டுப்படுத்துக. பள்ளி மாணவர்களுக்குச் சர்க்கார் வழங்கும் விலையில்லாச் சைக்கிள்கள் இதற்கு முதல் உதாரணமாகட்டும். மாலை விசேஷ வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் பெண் குழந்தைக்கு வண்டியைத் தந்தவர்கள் விளக்கையும் தந்தாக வேண்டும். தெருவிளக்கில்லாத சாலையில் வேகத்தைக் குறைக்கச் செய்வதும் அவர்கள் கடமையே.

மோட்டார் ஓட்டும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விளக்கு காட்டும் தூரமே உங்கள் வேகத்துக்கு எல்லை. எதிரே சைக்கிள் வந்தால் விளக்கைத் தாழ்த்துங்கள். எதிரே வருபவருக்கும் கண் உண்டு.

தொண்டர்களே, விதி வரும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆலை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பின் மட்கார்டிலும் ஒரு சிவப்புப் பட்டையும், ஒவ்வொரு பெடலிலும் ஒரு மஞ்சள் பட்டையும் ஒட்டுவதற்கு எத்தனை நேரம் செல்லும்? ஆகும் செலவு சொற்பம். தப்பும் உயிருக்கோ விலை இல்லை. “ஆள் தெரியவில்லை” என்று இனி எவரும் சொல்ல முடியாதபடி செய்வோம். அதற்குப் பின்னும் மோதுகிறவன் எந்தச் சாக்கைச் சொல்கிறான் என்று பார்ப்போம்!