எல்லாத்துக்கும் மணிக்கட்டுதான் காரணமா?

டிஸ்கி: கைத்துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை. மெக்கானிக்கல் படிக்கிறேன், என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன். நம்ம வீரம் அதோடு சரி. எனவே இது வீரக்கதை இல்லை. ஒரு சின்ன இரும்புக் கொக்கியைப் பற்றிய பெரிய கோபம்.

சினிமாவில் ஹீரோ நூறு ரவுண்டு சுட்டாலும் துப்பாக்கி சிக்காது. நிஜத்தில் சிக்கும். அமெரிக்காவில் சுடுதளங்களில் அப்படிச் சிக்கினால், பக்கத்தில் நிற்கும் அனுபவஸ்தர் பார்க்காமலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "உன் மணிக்கட்டு தளர்ச்சி." இதற்கு 'லிம்ப் ரிஸ்டிங்' என்று பேரே வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி சரி, தோட்டா சரி, சுட்டவன் கை மட்டும் தப்பு! இதை நான் சோம்பேறித்தனம் என்பேன்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். சுட்டதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் பாய்கிறது. அதிலுள்ள எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி, காலித் தோட்டாக் கூட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கிறது. வரும் வழியில் கூட்டின் அடிப்பகுதி எஜெக்டர் என்ற சின்ன உலோக நாக்கில் மோதுகிறது. அது கீழ்ச் சட்டத்தில் அசையாமல் நிற்பது. மோதிய வேகத்தில் கூடு பக்கவாட்டில் தெறித்து விழுகிறது. ஆக, இழுப்பது ஒருவர் வேலை, தள்ளுவது இன்னொருவர் வேலை.

எனவே முதல் கேள்வி, 'யார் சுட்டது?' இல்லை. 'கூடு எங்கே நிற்கிறது?' என்பதுதான். குழலின் அறையிலேயே தங்கிவிட்டதா? கொக்கி உடைந்திருக்கலாம், அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கொக்கிக்கு அடியில் அழுக்கு அடைந்திருக்கலாம், அறையே கரி பிடித்திருக்கலாம். அறையை விட்டு வந்து, வாசலில் புகைபோக்கி மாதிரி நெட்டுக்குத்தலாக மாட்டிக்கொண்டதா? ஸ்லைடுக்கு வேகம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். தோட்டா வலு குறைவு, ஸ்பிரிங் அதிக விறைப்பு, எஜெக்டர் தேய்மானம், அப்புறம் பிடி. ஆமாம், பிடியும் ஒரு காரணம்தான். சட்டமும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் ஒன்றாக இருப்பதை ஒரே பதிலாக ஏன் ஆக்குகிறீர்கள்?

சோதிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அதே துப்பாக்கி, அதே தோட்டா, வேறொருவர் கை. அவருக்கும் சிக்கினால் மணிக்கட்டு விடுதலை! பிறகு தோட்டாவை மாற்று, மேகசினை மாற்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான். துப்பாக்கியைக் கழற்றிப் பார்ப்பதென்றால் முதலில் மேகசினை எடுத்து, அறை காலி என்று கண்ணால் பார்த்த பிறகே. முதலாம் ஆண்டு லேபில் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்.

"கம்பெனிக்காரன் தப்பா செய்வானா?" என்பவர்களுக்கு ஒரு உதாரணம். க்ளாக் நிறுவனம் 2010-ல் நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது. 9 மி.மீ. மாடல்களில் கூடு சிக்குகிறது, முகத்தில் வந்து அடிக்கிறது என்று புகார்கள் வந்தன. அப்போதும் பலருக்குக் கிடைத்த பதில் மணிக்கட்டுதான். 2011-ல் அந்த நிறுவனமே ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றித் தர முன்வந்தது. எஜெக்டரும் மாறியது. ஸ்பிரிங் மாற்றினால் மணிக்கட்டு குணமாகுமா என்ன?

இது முகத்தில் சூடு பட்டதோடு போகட்டும். இதே மனோபாவம் உயிரை வாங்கிய கதையும் உண்டு. அது ரைஃபிள், ஆனால் நோய் இதே நோய். வியட்நாமில் எம்16 ரைஃபிள்களில் காலிக் கூடு அறையிலேயே இறுகிக்கொண்டது. சண்டைக்கு நடுவில் சிப்பாய்கள் துடைக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுக் குத்தி எடுத்தார்கள். மேலிடத்துப் பதில்: "நீங்கள் சரியாகத் துடைக்கவில்லை." துடைக்கும் சாமான்களையே போதுமான அளவு கொடுக்கவில்லை என்பதுதான் கொடுமை. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது. ராணுவம் வெடிமருந்து வகையை மாற்றியிருந்தது. அறைக்குக் குரோமியம் பூசவில்லை. பிறகு குரோமியம் பூசினார்கள், பஃபரை மாற்றினார்கள், துடைக்கும் சாமான் கொடுத்தார்கள். சிக்கல் வெகுவாகக் குறைந்தது. செத்தவர்கள்தான் திரும்பி வரவில்லை.

கடைசியாக ஒன்று. இயந்திரம் மக்கர் செய்தால் கையில் வைத்திருப்பவனைத் திட்டுவது சுலபம், செலவும் கிடையாது. நாளைக்கு நாமும் ஏதோ ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக நிற்போம். அன்றைக்கு ஆபரேட்டரைத் திட்ட வாயைத் திறப்பதற்கு முன்னால், கூடு எங்கே சிக்கியிருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்ப்போமே.

என்ன மக்கா, நான் சொல்றது சரிதானே?