முட்டை தலைக்கா, தட்டுக்கா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பெண்கள் ஹாஸ்டல் குளியலறை முழுக்க முட்டை வாடை! முடி என்பது புரதம்தானே, புரதத்தைத் தடவினால் வளரும் என்று ஒரு கணக்கு. கணக்கு பாதிதான் சரி. முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம்தான். ஆனால் தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. அதற்கு ஊட்ட முடியாது, ஒட்டுப் போடத்தான் முடியும்.

முட்டைப் புரதத்தின் மூலக்கூறு பெரியது, முடிக்குள் நுழையாது. அதனால்தான் கண்டிஷனரில் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்க்கிறார்கள். லேபிளில் 'ஹைட்ரோலைஸ்டு' கெரட்டின், கோதுமை, பட்டு என்று இருந்தால் அதுதான். பிளீச், சாயம், ஸ்ட்ரெய்ட்னிங் என்று அடிபட்ட முடிக்கு அது கொஞ்ச நாள் வலுக் கொடுக்கும். ஷாம்புவுக்குப் பிறகு நுனிப்பக்கம் தடவி, சில நிமிடத்தில் அலசிவிட வேண்டும். அளவு மீறினால் முடி விறைத்துப் போகும்.

அடிபடாத முடிக்கு? குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் போதும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே.

காலை டிபனை விட்டு மிச்சம் பிடித்த காசில் பாட்டில் வாங்குவதுதான் பெரிய வேடிக்கை. முடி முளைப்பது வேரில். வேருக்குப் புரதம் போவது தட்டிலிருந்து. அந்த முட்டையை அவித்துச் சாப்பிடுங்கள், தோழிகளே!