ஆசைக்கு ரொக்கமா, தவணையா?



பண்டிகைக்குத் துணி எடுப்பதற்கும் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் வாங்குவதற்கும் கணக்குப் பார்க்க நமக்குத் தெரியும். அவை தேவைகள். ஆனால், வீட்டில் ஒருவருக்கு விலை கூடிய ஒரு பொழுதுபோக்கில் மனம் விழுந்துவிட்டால் அங்கேதான் நம் கணக்கு தடுமாறுகிறது. ஒருவருக்குக் கேமரா, ஒருவருக்குப் பெரிய மோட்டார் சைக்கிள், இன்னொருவருக்கு இசைக்கருவி. ‘வேண்டாம்’ என்றால் பிள்ளையின் முகம் வாடுகிறது. ‘வாங்கிக்கொள்’ என்றால் பெட்டி காலியாகிறது.

2022-ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை, செராஸ் தாமான் கொனாட் பக்கம் ஒரு சகோதரியைப் பார்க்கப் போயிருந்தேன். புதன்கிழமை அங்கே இரவுச் சந்தை கூடும் நாள். கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே வேறொரு சந்தை நடந்துகொண்டிருந்தது. தாயும் மகனும் வாக்குவாதம்!

அந்தச் சகோதரி காஜாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். கணவர் காலமானபின் பிள்ளைகள் இருவரோடு பட்டணத்துக்கு வந்து, அலுவலகத் துப்புரவு வேலை பார்க்கிறார். மகன் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். மகள் அப்போது ஐந்தாம் படிவம்.

“அக்கா, நீங்களே இவன்கிட்ட கேளுங்க. ஐயாயிரம் வெள்ளிக்குக் கேமரா வேணுமாம்.”

“சும்மா இல்ல பெரியம்மா,” என்றான் தம்பி. “முன்பணம் ஐந்நூறு என்கிட்ட இருக்கு. மீதிய மூணு வருசத்துல கட்டலாம். மாசம் நூத்து அறுபத்திரண்டரை வெள்ளி. ஒரு நாளைக்கு அஞ்சரை வெள்ளி கூட வராது. ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய் காசுதான்.”

தாய் வேறொரு யோசனை வைத்திருந்தார். “கடைக்கு எதுக்கு அக்கா வட்டி அழணும்? தங்கச்சி படிப்புக்குன்னு ஐயாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். அதக் குடுத்து ரொக்கமா வாங்கிடலாம். அவன் மாசாமாசம் எனக்குத் திருப்பிக் கட்டட்டும். வட்டி மிச்சந்தானே?”

மகன் சொன்னது தவணை. தாய் சொன்னது ரொக்கம். ரொக்கம்தான் நல்லது என்று நம்மில் பலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

முதலில் கடையின் தவணை. 4,500 வெள்ளிக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றார்கள். மூன்று ஆண்டுக்கு 1,350 வெள்ளி. ஆக மொத்தம் 5,850 வெள்ளி. இதை 36 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 162 வெள்ளி 50 காசு. கணக்கில் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே போகிறது. வட்டியோ, கடைசி மாதம் வரையில் முழு 4,500 வெள்ளிக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைகிற பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், அந்தப் ‘பத்து’ உண்மையில் ஏறக்குறைய பதினெட்டு.

அடுத்து, கடன் அட்டை. நம் நாட்டில் அட்டைப் பாக்கிக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து முதல் பதினெட்டு வரை. ஒழுங்காகக் கட்டி வருபவருக்குப் பதினைந்து, தவறுபவருக்குப் பதினெட்டு. 5,000 வெள்ளியை அட்டையில் போட்டுவிட்டு, பாக்கியில் நூற்றுக்கு ஐந்து அல்லது 50 வெள்ளி என்ற குறைந்த அளவை மட்டும் கட்டி வந்தால் என்ன ஆகும்? பதினெட்டு விழுக்காட்டு வட்டியில் கடன் தீர ஐந்தரை ஆண்டுக்கு மேலாகும். வட்டி மட்டும் 1,900 வெள்ளியை நெருங்கும். கடன் தீரும்போது கேமரா பழசாகியிருக்கும்!

மூன்றாவதாக, சேமிப்பு. கையிலுள்ள 500 வெள்ளியோடு, கடைக்குக் கட்டவிருந்த அதே தொகையை மாதாமாதம் ஒதுக்கினால், 28-ஆம் மாதம் 5,000 வெள்ளி சேர்ந்துவிடும். தவணையில் வாங்கியவர் அப்போது இன்னும் எட்டு மாதம் கட்டவேண்டியிருக்கும்.

தம்பி நாட்காட்டித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாயின் முகம் மலர்ந்தது. “அதான் சொன்னேன், ரொக்கமா வாங்கிடலாம்னு!”

“இரும்மா,” என்றேன். “அந்த ஐயாயிரம் யாருடைய பணம்?”

அவர் பேசவில்லை. அடுத்த அறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

வாசகர்களே, இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் வழுக்கி விழுகின்றன. வீட்டில் பணம் இருக்கிறது என்பதால் அது ரொக்கம் ஆகிவிடாது. பள்ளிக்கென்று எடுத்து வைத்தது பள்ளியின் பணம். மருத்துவத்துக்கென்று வைத்தது நோயின் பணம். அதை எடுத்துக் கேமரா வாங்கினால், அதுவும் கடன்தான். கடைக்காரனிடம் வாங்காமல் தங்கையிடம் வாங்கிய கடன். கடைக்காரன் நோட்டீஸ் அனுப்புவான். தங்கை அனுப்பமாட்டாள். அதனாலேயே அந்தக் கடன் திரும்பி வராமலே போய்விடும். கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில்தான் அது தெரியவரும்.

ஆகவே, ஆசைப் பொருளுக்கு ரொக்கம் என்பது அந்தப் பொருளுக்கென்றே சேர்த்த ரொக்கமாக இருக்கவேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

தவணை முறையே தீது என்று நான் சொல்லவில்லை. சிங்கர் கம்பெனி 1856-லேயே அமெரிக்காவில் தையல் இயந்திரத்தைத் தவணைக்குக் கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் நம் தோட்டத்து வீடுகளுக்கும் அந்த இயந்திரம் தவணையில்தான் வந்தது. எத்தனையோ தாய்மார்கள் இரவில் அண்டை வீட்டார் சட்டை, பாவாடை தைத்து, அந்தக் கூலியிலேயே தவணையைக் கட்டி முடித்தார்கள். அந்த இயந்திரம் தன் கடனைத் தானே அடைத்தது. சம்பாதிக்கும் பொருளுக்குக் கடன் வாங்குவது வேறு. சம்பளத்தைத் தின்னும் பொருளுக்குக் கடன் வாங்குவது வேறு.

தம்பி விடவில்லை. “நானும் கல்யாணத்துக்குப் படம் புடிச்சு சம்பாதிப்பேன் பெரியம்மா.”

“நல்லது. இரவல் கேமராவில் இரண்டு கல்யாணம் எடுத்துக் கூலி வாங்கிக் காட்டு. அப்புறம் அது தொழில். அதுவரைக்கும் ஆசைதான்,” என்றேன். சிரித்துவிட்டான்.

நம் பெரியவர்கள் பத்து வெள்ளியில் எதைச் சாதித்தார்கள் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம் அது. 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால் வெட்டுபவர்களுக்கு அன்று பத்து வெள்ளி சின்னத் தொகை அன்று. ஆனாலும் கட்டினார்கள். 1961-ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. முதலில் சேர்த்தார்கள், பிறகு வாங்கினார்கள். தோட்டமே வாங்கிய வழி அது. ஒரு கேமரா வாங்க உதவாதா?

அந்த வாரமே தம்பி பேங்க் சிம்பானான் நேஷனலில் தனிக் கணக்கு ஒன்று திறந்தான். நம் பெற்றோர் காலத்து அஞ்சலகச் சேமிப்பு வங்கிதான் 1974-ல் இந்தப் பெயருக்கு மாறியது. கையிலிருந்த 500 வெள்ளியைப் போட்டான். மாதம் 160 வெள்ளி ஒதுக்கினான். ஐந்து மாதத்தில் 1,300 வெள்ளி சேர்ந்தது.

ஆறாம் மாதம் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் காலில் அடி. இரண்டு மாதம் முழுச் சம்பளமில்லை. அந்தக் கணக்கிலிருந்து 900 வெள்ளி எடுத்துத்தான் வீட்டு வாடகைக்கும் வண்டி பழுதுபார்க்கவும் கொடுத்தான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். தவணையில் வாங்கியிருந்தால் அந்த இரண்டு மாதமும் தவணை தவறியிருக்கும். நாம் ‘ஹயர் பர்ச்சேஸ்’ என்று சொல்லும் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, இரண்டு தவணை அடுத்தடுத்துத் தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துப் போகலாம். விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால்தான் நீதிமன்ற உத்தரவு தேவை. தம்பி அதுவரை கட்டியிருக்கக்கூடியது முன்பணமும் சேர்த்து 1,312 வெள்ளி 50 காசு. முக்கால் பங்கோ 3,750 வெள்ளி. கேமராவும் போயிருக்கும், கட்டிய பணமும் போயிருக்கும். சேமிப்பில் இருந்ததால், அதே பணம் ஆபத்துக்கு உதவியது. தவணைக்குப் போன பணம் ஆபத்துக்குத் திரும்பி வராது.

கால் சரியானதும் மறுபடி ஒதுக்கத் தொடங்கினான். பத்து மாதத்தில் கணக்கில் 2,000 வெள்ளி ஆனது. இதற்கிடையே ஒரு நண்பனின் பழைய கேமராவில் வாரம் தவறாமல் படம் பிடித்துப் பழகினான். பழகியதில் அவனுக்கே ஒன்று தெரிந்தது. அவன் எடுக்கும் படங்களுக்கு ஐயாயிரம் வெள்ளிக் கேமரா தேவையில்லை! பதினேழாம் மாதம், ஒருவர் பயன்படுத்திய நல்ல கேமரா ஒன்றை 1,850 வெள்ளிக்கு ரொக்கமாக வாங்கினான். தங்கையின் பணத்தில் ஒரு காசு தொடவில்லை. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

காத்திருந்த காலம் வீண்போகவில்லை என்பதைப் பாருங்கள். சிலருக்கு ஆசை மூன்று மாதத்தில் ஆறிவிடும். தவணையோ ஆறாது. ஆசை ஆறாமல் நின்றால், அது நம் சொந்த ஆசை. ஆறிவிட்டால், அது கடைக்காரன் மூட்டிவிட்ட ஆசை.

வீட்டில் இப்படியொரு பேச்சு எழுந்தால், இவற்றை மனத்தில் வையுங்கள்.

மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேளுங்கள். ரொக்க விலையையும் தனியாகக் கேளுங்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்பார்கள். தவறாமல் கட்ட முடியுமானால் அதில் பெரிய நட்டமில்லை. ஆனால் ரொக்கத்துக்கு விலை குறைப்பாரானால், அந்தக் குறைப்புதான் நீங்கள் அறியாமல் கட்டும் வட்டி.

பொழுதுபோக்கு ஒரு பொருளோடு நிற்காது. கேமரா வாங்கினால் லென்ஸ், பை, முக்காலி என்று தொடரும். அவற்றையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

கைப்பேசியில் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று வருவதும் கடன்தான். மூன்று நான்கு இடத்தில் சின்னச் சின்னதாக வாங்கினால், சம்பள நாளில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆசைப் பொருளுக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். ஆலோங்கிடம் போகவே போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. மாதத்துக்குப் பத்து, இருபது என்று யாராவது சொன்னால், அவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே கடனில் சிக்கியவர்கள் வெட்கப்பட்டு ஒளியவேண்டாம். பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகவே வழிகாட்டுகிறது. அட்டைக் கடன், வங்கிக் கடன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் மனம்விட்டுப் பேசுங்கள்.

அண்மையில் மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அவர்கள் வாழ்ந்த தோட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோயில் மட்டும்தான். அதன் வாசலில் தாய் நின்றுகொண்டிருக்கிறார்.

“இவன் எடுத்ததுதான் அக்கா,” என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: “இதுக்கு யாருக்கும் நாங்க பாக்கி இல்ல.”

அந்த நிம்மதி உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். மீண்டும் சந்திப்போம்.