பட்டியலில் இல்லாத ரோகி

கடும் பங்கசுத் தொற்றுக்கு இலக்காகக்கூடியவர் யாவர் என்று வினவினால், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்யப்பட்டோர், எயிட்ஸ் ரோகிகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்காகக் கிடப்போர் என்று எந்த இளம் வைத்தியரும் தடங்கலின்றிச் சொல்லிவிடுவார். அப்பட்டியலில் பிழை ஏதுமில்லை. ஆயினும், ரோகியின் தேகத்தை விசாரிக்கும் அளவுக்கு, அத்தேகத்துக்கு நாம் செய்தவற்றை அது விசாரிப்பதில்லை.

2005ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில், முதுகுத்தண்டில் விறைப்பு ஊசி ஏற்றப்பெற்று, சிசேரியன் முறையில் பிரசவித்த நம் இலங்கைத் தாய்மார் ஐவர், அஸ்பெர்கிலஸ் பங்கசினால் உண்டான மூளைச்சவ்வழற்சிக்கு ஆளாகி, அவருள் மூவர் மாண்டனர். எதிர்ப்புச் சக்தி குன்றியவர் எவரும் அவர்களுள் இலர். சுனாமிக்குப் பின் பொருள்கள் வந்து குவிந்த காலத்தில் ஈரம் மிகுந்த களஞ்சியத்திலே கிடந்த சிரிஞ்சுகளின்மேற் சந்தேகம் விழுந்தது. அவ்விருப்பைச் சோதித்தபோது பங்கசு காணப்பட்டது. இதனை அனர்த்த காலத்து விபரீதமென ஒதுக்குவோர் உளர். எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. சருமமும் சவ்வும் காத்துநின்ற வாசலை ஊசி கடந்தபின், பூரண ஆரோக்கியமுள்ளவளும் அபாயத்துக்குரியவளே.

ஸ்டீரொயிட் கடக்கும் வாசல் வேறு. இந்தியாவில் 2021 ஜூன் இறுதிவரை அரசாங்கம் கணக்கிட்ட கரும்பங்கசு (மியூகோமைக்கோசிஸ்) ரோகிகள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோருள், நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர் நீரிழிவுக்காரர். பாதிப்பேருக்கு மேல் ஸ்டீரொயிட் பெற்றவர். வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு டிஸ்பென்சரிக்கு, சீனி வருத்தம் கட்டுப்படாத ஒருவர், அண்மையில் இழுப்புக்கு ஸ்டீரொயிட் குளிசை விழுங்கியவர், ஒருபக்கக் கன்னம் மரத்து, கண்ணிமை வீங்கி வருவாராயின், பீனிசமென்று அன்ரிபயோட்டிக் எழுதி ஒரு வாரம் கழித்து வரச்சொல்வது தகாது. அண்ணத்தில் கறுப்பு நிறம் தோன்றும்வரை காத்திருப்பதும் தகாது. அது பிந்திய அறிகுறி. அன்றைக்கே காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் அனுப்புதல் வேண்டும்.

அங்கு எடுக்கப்படும் திசு முழுவதையும் வழக்கப்படி போர்மலினில் இட்டுவிட்டால் வளர்ப்புச் சோதனைக்கு எதுவும் மிஞ்சாது. ஒரு பகுதியை உப்புநீரில் இட்டு, சந்தேகிப்பது பங்கசு என்பதைக் கடிதத்தில் எழுதி அனுப்புக. அஸ்பெர்கிலஸுக்கு உதவும் வொரிகொனசோல் கரும்பங்கசின்மேற் பலிப்பதில்லையாதலால், இன்னதென்று அறியாமல் மருந்து தொடங்கும் வைத்தியர், ரோகிக்கு எஞ்சியுள்ள சில தினங்களையும் செலவழித்துவிடக்கூடும்.